கருமையிழந்த ஆடுகள்: செம்பும் மெலனினும் பற்றிய அறிவின் வரலாறு

ஐரோப்பியக் காடுகளில் வளரும் காளான் வகைகளுள் இறுசுலா நிகிரிக்கன்ஸ் என்பதும் ஒன்று. அதன் வெண்ணிறத் தசையைப் பிளந்து காற்றுப்பட வைத்தால் அது முதலிற் சிவந்து, சிறிது நேரத்திற் கறுத்துவிடும். 1895ஆம் ஆண்டிற் பாரிசு நகரிலே பூர்கெலோ, கபிரியேல் பெர்ட்ராண்ட் என்னும் இருவர் இச்சாதாரண நிகழ்ச்சியை ஆராயத் தலைப்பட்டனர். காளானின் சாற்றிலே ஒரு நொதியம் உண்டென்றும், அது தைரோசின் என்னும் அமினோவமிலத்தைக் காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு ஒட்சியேற்றிக் கரிய பொருளாக மாற்றுகிறதென்றும் ஆய்வின் வழி தெளிவாயிற்று. மறு ஆண்டிற் பெர்ட்ராண்ட் அந்நொதியத்துக்குத் தைரோசினேசு எனப் பெயரிட்டார். மனிதனின் தோலும் தலைமயிரும் கருமை பெறுவது இதே குடும்பத்தைச் சேர்ந்த நொதியம் ஒன்றினாலேயே என்பது பின்னரே தெரியவந்தது.

பெர்ட்ராண்டின் பெயர் இவ்வரலாற்றில் இருமுறை இடம்பெற வேண்டியதாகும். உயிர்களின் உடலில் மிக மிகச் சிறிய அளவிற் காணப்படும் உலோகங்கள் வெறும் அழுக்குகள் அல்ல, அவை உயிர்ச் செயல்களுக்கு இன்றியமையாதவை என்ற கருத்தை வலியுறுத்திய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். அரக்குமரப் பாலிலிருந்து பெற்ற இலக்கேசு என்னும் நொதியத்தின் சாம்பலில் மாங்கனீசு இருப்பதை 1897இல் அவர் கண்டார். நொதியத்தின் ஆற்றலுக்கு அவ்வுலோகமே காரணம் என்றும் முடிவு செய்தார். அம்முடிவு பிழையானது. இலக்கேசில் உள்ள உலோகம் செம்பேயாம் என்பது ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளின் பின் நிறுவப்பட்டது. உலோகத்தின் பெயரில் அவர் தவறினாராயினும், நொதியம் உலோகத்தை வேண்டி நிற்கிறது என்ற மூலக்கருத்திலே தவறவில்லை. தைரோசினேசுக்குப் பெயர் சூட்டியவரும், சுவட்டு மூலகங்கள் பற்றிய எண்ணத்தை வளர்த்தவரும் ஒருவரேயாகவும், அவ்விரு கண்டுபிடிப்புகளையும் இணைக்கும் செம்பு அவர் கைக்கு எட்டாமற் போனது வியப்புக்குரியது.

செம்பு அக்காலத்தில் ஐயத்துக்குரிய பொருளாகவே இருந்தது. நத்தை முதலிய உயிர்களின் குருதியிற் செம்பு உண்டென்பதை 1847இல் ஆர்லெஸ் கூறியிருந்தார். எண்காலியின் நீல நிறக் குருதிக்குச் செம்பு கலந்த புரதமே காரணம் என்பதைப் பெல்ஜிய அறிஞர் பிரெடெரிக் 1878இற் காட்டினார். ஆயினும் மனிதனின் ஈரலிலோ குருதியிலோ செம்பு காணப்பட்டபோது, அது சமையற் பாத்திரங்களிலிருந்து வந்துசேர்ந்த நஞ்சென்றே பலரும் கருதினர். வளர்ந்த மனிதனொருவனின் உடலில் உள்ள செம்பு முழுவதையும் திரட்டினாலும் அது ஏறத்தாழ 100 மில்லிகிராம் அளவினதே. இத்துணைச் சிறிய அளவினதாகிய ஒன்று ஏதேனும் வினையாற்றும் என எண்ணுவதற்கு அன்றைய உடற்றொழிலியல் ஆயத்தமாக இருக்கவில்லை.

1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஆர்ட், ஸ்ரீன்பொக், வடெல், எல்வெஜெம் ஆகியோர் வெளியிட்ட ஆய்வே நிலைமையை மாற்றியது. பாலை மட்டும் உண்டு வளரும் எலிக்குட்டிகள் குருதிச்சோகையால் நலிவடைந்தன. தூய இரும்புப்பைக் கொடுத்தும் அவை தேறவில்லை. ஈரல் முதலிய உணவுகளை எரித்துப் பெற்ற சாம்பலைச் சேர்த்தபோது தேறின. சாம்பலில் உயிர்ச்சத்து எதுவும் எஞ்சியிருக்க முடியாது. ஆகவே அங்கு வேறொரு கனிமமே தொழிற்படவேண்டும். அதனைப் படிப்படியாகப் பிரித்துச் சென்று இறுதியிற் கண்டது செம்பை. இரும்பு இருந்தும், சிறிதளவு செம்பு இல்லாதவிடத்து ஈமோகுளோபின் உருவாகவில்லை. அதற்கு முன் இரும்புப்பால் எலிகள் குணமடைந்ததாகக் கூறிய பல ஆய்வுகளில், இரும்போடு மாசாகக் கலந்திருந்த செம்பே உண்மையில் உதவியிருக்கலாம் என்பதும் புலனாயிற்று.

பாலூட்டி வளர்த்த எலிகளைக் கொண்டு ஆய்வு செய்தோர் வேறொன்றையும் விரைவிற் கண்டனர். கரிய உரோமமுள்ள எலிகள் செம்பற்ற உணவில் நரைத்தன. 1931இற் கனிங்காம் இதனைப் பதிவு செய்தார். 1935இற் கோர்ட்டர் என்பவர், நிறமிழத்தல் என்பது உணவுக் குறைபாட்டால் வரும் ஒரு நோய் என்றும், செம்பு கொடுத்தால் அது மாறுகிறது என்றும் 'நேச்சர்' இதழில் எழுதினார். குருதியைச் செந்நிறமாக்கும் பொருளை உருவாக்க உதவும் அதே உலோகம், மயிரைக் கருநிறமாக்கவும் வேண்டப்படுகிறது என்பது ஆய்வுகூடத்து எலியிடமிருந்து பெற்ற செய்தி. ஆனால் இச்செய்தி உலகுக்குப் பொருளுடையதாகப்பட்டது எலியினால் அன்று, ஆட்டினால்.

அவுஸ்திரேலியாவின் பொருளாதாரம் செம்மறியாட்டின் முதுகில் ஏறி வளர்ந்தது எனச் சொல்வார்கள். அந்நாட்டின் தென்கரையோரத்திலும் கங்காரு தீவிலும் சுண்ணாம்பு மணல் நிறைந்த பெருநிலங்கள் உண்டு. மழையும் புல்லும் அங்கு குறைவற இருந்தன. ஆயினும் அவ்விடங்களில் மேய்ந்த ஆடுகள் சில மாதங்களில் மெலிந்து, சோகை பிடித்து இறந்தன. இடையர்கள் அதனைக் கரையோர நோய் என்றழைத்தனர். உள்நாட்டு மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிச் சென்றால் ஆடுகள் தேறுவதையும் அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். காரணந்தான் எவருக்கும் பிடிபடவில்லை.

1930களில் இப்புதிரைப் பலர் பல இடங்களிலிருந்து அவிழ்க்க முற்பட்டனர். மேற்கு அவுஸ்திரேலியாவில் எரிக் அண்டர்வுட், பில்மர் என்போர், கால்நடைகளின் மெலிவு நோய்க்கு மருந்தாகக் கொடுக்கப்பட்டு வந்த இலிமொனைற்று என்னும் இரும்புத் தாதுவை ஆராய்ந்தனர். அம்மருந்தின் ஆற்றலுக்கு அதிலுள்ள இரும்பு காரணமன்று, மாசாகக் கலந்திருந்த கோபாற்றே காரணம் என்று 1935இல் நிறுவினர். அதே ஆண்டிலே தெற்கு அவுஸ்திரேலியாவில் எட்லி மார்ஸ்ரனும் இலைன்சும் கரையோர நோய்க்கும் கோபாற்று மருந்தாவதைக் கண்டனர். (கோபாற்று ஏன் வேண்டப்படுகிறது என்பது 1948இல் உயிர்ச்சத்து பி12 பிரித்தெடுக்கப்பட்டு, அதன் நடுவே கோபாற்று இருப்பது தெரிந்த பின்னரே விளங்கிற்று.) ஆனால் கோபாற்று மட்டும் போதவில்லை. கோபாற்றினால் உயிர்தப்பிய ஆடுகள் வேறொரு குறையைக் காட்டலாயின. அவற்றின் கம்பளி மயிர் தன் இயல்பான சுருளை இழந்து, கம்பிபோல் நேராகவும் மினுமினுப்பாகவும் வளர்ந்தது. கம்பளி வணிகர் அதனை உருக்குக் கம்பளி எனப் பெயரிட்டு விலை குறைத்தனர். மந்தையில் ஆங்காங்கே இருந்த கறுப்பு ஆடுகளின் புதிய மயிரோ சாம்பல் நிறமாக வெளிறிற்று. செம்பும் சேர்த்துக் கொடுத்தபோது இவ்விரு குறைகளும் ஒருங்கே நீங்கின. கரையோர நோய் என்பது ஒரு நோயன்று. ஒரே மண்ணில் இரு மூலகங்கள் இல்லாமையால் வந்த இரட்டைக் குறைபாடு.

இதற்கிடையில் மேற்கு அவுஸ்திரேலியாவின் கால்நடை நோயியலாளரான பெனற்ஸ் இன்னொரு துயரக் காட்சியை எதிர்நோக்கியிருந்தார். ஜிஞ்சின் என்னும் ஊரைச் சூழவுள்ள பகுதிகளிற் பிறந்த ஆட்டுக்குட்டிகள் பின்னங்கால்கள் தளர்ந்து, நடக்கவியலாது தள்ளாடி வீழ்ந்தன. அவற்றின் நரம்புத் தொகுதியிலே நரம்புறை சிதைந்திருந்தது. சினையாடுகளுக்குச் செம்பு கொடுத்தால் குட்டிகள் நலமாகப் பிறக்கின்றன என்பதை 1937இற் பெனற்ஸும் சப்மனும் வெளியிட்டனர். தாயின் உடலில் உள்ள செம்புக் குறைவு, பிறவாத குட்டியின் மூளையையும் முண்ணாணையும் கெடுக்கும் என்ற இவ்வுண்மை, முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் மனிதக் குழந்தையொன்றின் படுக்கையருகே நினைவுகூரப்படுவதற்கு இருந்தது.

நரம்பு தளர்வதற்கும் குருதி குன்றுவதற்கும் முன்பே மயிர் வெளிறிவிடும் என்பதுதான் இந்த ஆய்வுகளில் நிறமியைப் பற்றி அறிந்த முக்கிய செய்தி. செம்புக் குறைபாட்டின் மிக முந்திய, மிக நுண்ணிய அறிகுறி கறுப்பு ஆட்டின் மயிரே. வெள்ளை ஆட்டிடம் அவ்வெச்சரிக்கை இல்லை. 'கறுப்பு ஆடு' என்பது ஆங்கில வழக்கிற் குடும்பத்துக்கு இழுக்குத் தேடுபவனைக் குறிக்கும். சாயமேற்ற முடியாத அதன் கம்பளியைச் சந்தையும் விரும்பியதில்லை. மண்ணின் நோயை முதலில் எடுத்துச் சொல்லியது அந்த வேண்டாத ஆடாகவே இருந்தது.

மண்ணிற் செம்பு இல்லாமையே நோய்க்குக் காரணம் என்றால் விடயம் எளிதாக முடிந்திருக்கும். ஏக்கருக்குச் சில இறாத்தல் மயில்துத்தத்தைப் பசளையோடு கலந்து தூவினாற் போதும். அவுஸ்திரேலியாவில் அவ்வாறே செய்து பெருநிலங்கள் மீட்கப்பட்டன. ஆனால் இங்கிலாந்தின் சமசெற் மாவட்டத்திற் கிடைத்த சான்று வேறுவகையானது. அங்குச் சில மேய்ச்சல் நிலங்களிற் புல் மேய்ந்த மாடுகள் கடும் கழிச்சலுற்று மெலிந்தன; கரிய மாடுகள் துருப்பிடித்தாற்போற் பழுப்பேறின. அந்நிலங்களை ரீயற் நிலங்கள் என மக்கள் நெடுங்காலமாக அழைத்து வந்தனர். பெர்கசன், இலூயிஸ், வற்சன் ஆகிய மூவரும் 1938இல் வெளியிட்ட ஆய்வின்படி அப்புல்லில் மிகுந்திருந்தது மொலித்தனம் என்னும் உலோகம். மருந்தாக உதவியதோ மயில்துத்தம். ஒல்லாந்தில், மீட்கப்பட்ட நிலங்களில் மேய்ந்த மாடுகளின் கழிச்சலைச் செம்பு தணிப்பதைச் சொலெமா 1933இற் கூறியிருந்தமை இங்கு வழிகாட்டியாயிற்று.

ஒரு மூலகம் மிகுவதால் உண்டான நோயை மற்றொரு மூலகம் தீர்ப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை மெல்பேணில் அலெக்சாந்தர் டிக் என்பவரின் பொறுமையால் வந்தது. மொலித்தனம் ஆட்டின் ஈரலிற் செம்பு சேர்வதைத் தடுக்கிறது என 1945இல் அவரும் புல் என்பவரும் கண்டனர். ஆயினும் இத்தடை எல்லா உணவோடும் ஒன்றுபோல நிகழவில்லை. குதிரைமசால் வைக்கோலை உண்ட ஆட்டில் நிகழ்ந்தது, ஓற்சு வைக்கோலை உண்ட ஆட்டில் நிகழவில்லை. இரு வைக்கோலுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தேடிச் சென்ற டிக், அது சல்பேற்று என்னும் சாதாரண கந்தகவுப்பே என 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். ஆட்டின் அசைபோடும் இரைப்பையிற் கந்தகமும் மொலித்தனமும் கூடி, செம்பைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும் சேர்வையாகின்றன. அவ்வாறு பிடிபட்ட செம்பு உடலுக்குப் பயன்படாது. உணவிற் செம்பு எவ்வளவு உண்டு என்ற கேள்வி மட்டும் போதாது, அதனுடன் வேறு எவை எவ்வளவு உண்டு என்றும் கேட்கவேண்டும் என்பதை உணர்த்திய முதல் ஆய்வுகளுள் இதுவும் ஒன்று. சுவட்டு மூலகங்களின் சமநிலை என்ற சொற்றொடர் இத்தகைய ஆய்வுகளாலேயே பொருள் பெற்றது. மனிதரில் நாகம் மிகையாக உட்கொள்ளப்பட்டாற் செம்புக் குறைபாடு உண்டாவதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

கறுப்பு ஆட்டுக்கு மொலித்தனமும் சல்பேற்றும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டு நாட்களுக்குள் அதன் மயிரின் வேரில் நிறமி உருவாவது நின்றுவிடும். செம்பைக் கொடுத்தால் மீண்டும் தொடங்கும். இவ்வாறு கொடுத்தும் நிறுத்தியும் வந்தால் ஒரே மயிரிழையிற் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறிப் பட்டைகளாக வளரும். உடலின் உள்ளே நிகழும் இரசாயன மாற்றத்தை நாட்குறிப்புப் போல மயிர் எழுதி வைப்பதை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் பரிசோதனை வேறு உண்டோ என்பது ஐயமே.

ஆடும் மாடும் கொடுத்த சான்றுகளோடு, ஆய்வுகூடத்தில் வேறொரு வழியும் திறந்துகொண்டிருந்தது. சுவிற்சலாந்துத் தோல் மருத்துவரான புறூனோ புளொக், டோப்பா என்னும் பொருளை மெல்லிய தோற்சீவல்களின் மேல் இட்டபோது, நிறமிக் கலங்கள் மட்டும் கறுப்பதை 1917இற் காட்டினார். அதனால் நிறமியை உருவாக்கும் கலம் எது என்பது கண்ணாற் காணக்கூடியதாயிற்று. மஞ்செஸ்ரரில் றேப்பர் 1920களில், தைரோசின் முதலில் டோப்பாவாகவும், பின் டோப்பாகுயினோனாகவும் மாறிச் செல்லும் படிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்தார். கடைசிப் பொருள் மெலனின். 1937-38இல் பெர்லினில் வார்பேர்க்கின் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த குபோவிற்ஸ், உருளைக்கிழங்கை வெட்டினாற் கறுக்கச் செய்யும் நொதியத்திலிருந்து செம்பை அகற்றினார்; நொதியம் செயலிழந்தது. செம்பை மீளச் சேர்த்தபோது செயல் மீண்டது. அக்காலத்திலேயே கேம்பிறிட்சில் கெயிலினும் மானும் காளானின் நொதியமும் செப்புப் புரதமே எனக் கண்டனர். பெர்ட்ராண்டின் காளானுக்கும் மார்ஸ்ரனின் ஆட்டுக்கும் இடையில் விடுபட்டிருந்த கண்ணி இதுவே. அமெரிக்காவில் இலேணரும் பிற்சுபற்றிக்கும் அவர்தம் சகாக்களும் 1949-50இல் முலையூட்டிகளின் தைரோசினேசும் செம்பாலேயே இயங்குவதைக் காட்டினர். ஒவ்வொரு நொதிய மூலக்கூற்றின் வினைமையத்திலும் இரண்டு செப்பணுக்கள் அடுத்தடுத்து அமர்ந்து ஒட்சிசனைத் தாங்குகின்றன என்பது இப்போது ஐயத்துக்கிடமற்றது.

இவை யாவும் ஆடு, மாடு, காளான், கிழங்கு பற்றியவை. மனிதனுக்கு இவ்வறிவால் விளைந்தது என்ன?

1962ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் ஜோன் மென்கீசும் சகாக்களும் ஒரே குடும்பத்தில் ஐந்து ஆண் குழந்தைகளுக்கு வந்த கொடிய நோயொன்றை விவரித்தனர். குழந்தைகள் பிறந்து சில வாரங்கள் நலமாகவே தோன்றினர். பின்னர் வளர்ச்சி தடைப்பட்டது, வலிப்பு வந்தது, மூளை நலிந்தது. சில ஆண்டுகளுக்குள் அவர்கள் இறந்தனர். அவர்களுடைய தலைமயிர் குட்டையாகவும் முறுகியும் நொறுங்கியும் வெளிறியும் இருந்தது. தாய்வழி ஆண்மக்களுக்கு வருவதால் இது எக்ஸ் நிறமூர்த்தத்தைச் சார்ந்த பரம்பரை நோய் என்பது தெளிவு. இதற்கு அப்பால் மருத்துவத்தால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. குழந்தையின் மயிரை நுண்ணுக்குக்காட்டியிற் பார்த்தவர்கள் பலர். எனினும் அவர்களுட் கம்பளி பற்றி அறிந்தவர் இருக்கவில்லை.

மெல்பேண் நகரச் சிறுவர் மருத்துவமனையைச் சேர்ந்த டேவிட் டாங்ஸ் இத்தகைய குழந்தைகளைக் கண்டபோது, அம்மயிர் செம்பு குறைந்த ஆட்டின் உருக்குக் கம்பளியை ஒத்திருப்பதை உணர்ந்தார். கம்பளியைக் கண்டும் கேட்டும் வளர்ந்த நாட்டின் மருத்துவருக்கே அந்த ஒப்புமை தோன்றக்கூடும் எனலாம். நிறமிழந்த மயிர், சுருள் கெட்ட இழை, சிதைந்த நரம்பு, நலிந்த குருதிநாளம் ஆகிய யாவும் முப்பதுகளில் ஆட்டில் எழுதப்பட்டவை. குழந்தைகளின் குருதியை அளந்தபோது செம்பு மிகக் குறைந்திருந்தது. 1972இல் டாங்சும் சகாக்களும் தம் முடிவை வெளியிட்டனர். தாய்ப்பாலிலும் உணவிலும் செம்பு இருந்தது. குடலின் சுவர்க் கலங்கள் அதை உறிஞ்சவும் செய்தன. ஆனால் அவற்றைக் கடந்து செம்பு குருதிக்குப் போகவில்லை. மண்ணின் குறையால் ஆட்டுக்கு நேர்ந்தது, பரம்பரையலகின் குறையால் குழந்தைக்கு நேர்ந்தது.

காரணம் தெரிந்தபின் மருந்து எளிதென்றே தோன்றும். செம்பை ஊசி மூலம் செலுத்தினார்கள். குருதியிற் செம்பின் அளவு உயர்ந்தது. ஆனால் நோய் கண்ட குழந்தைகளின் மூளை மீளவில்லை. ஜிஞ்சின் ஆட்டுக்குட்டிகளுக்கும் பிறந்தபின் கொடுத்த செம்பு, சிதைந்த நரம்பைச் சீராக்கியதில்லை; சினைக்காலத்திற் கொடுத்தாலே பயன். பின்வந்த ஆண்டுகளிற் செம்பையும் இஸ்ரிடீன் என்னும் அமினோவமிலத்தையும் சேர்த்துப் பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே செலுத்தியபோது ஒரு பகுதிக் குழந்தைகள் பயனடைந்தனர். அதுவும் அவரவர் பரம்பரையலகுக் குறைபாட்டின் தன்மையைப் பொறுத்தது. நோய் தெரியவரும் நாளுக்கும் மருந்து பயன்தரும் நாளுக்கும் இடையிலுள்ள இந்தச் சிறு இடைவெளியிலேயே பெரும்பாலான குழந்தைகள் இழக்கப்படுகின்றனர். மூத்த குழந்தையொன்றை இழந்த குடும்பத்திலே அடுத்த குழந்தைக்கு மட்டுமே பெரும்பாலும் தக்க தருணத்தில் உதவி கிட்டுகிறது.

1993இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஏககாலத்தில் இந்நோய்க்குரிய பரம்பரையலகைக் கண்டுபிடித்தன. அவற்றுள் ஒன்று மெல்பேணைச் சேர்ந்த ஜூலியன் மேர்சரின் குழு. கலத்தினுள்ளே செம்பை இடம்விட்டு இடம் செலுத்தும் ஒரு புரதத்தை அது ஆக்குகிறது. இப்புரதம் குடலில் மட்டுமன்றி நிறமிக் கலங்களிலும் தொழிற்படுவதும், தைரோசினேசுக்குச் செம்பைக் கொண்டு சேர்ப்பது அதுவே என்பதும் 2000ஆம் ஆண்டில் தெரியவந்தன. அப்புரதம் இல்லாத கலத்தில் தைரோசினேசு உருவாகிறது. ஆனால் உரிய செம்பு சேராமையால் அது வெறும் கூடாகவே கிடக்கிறது. 1972இல் ஒரு மருத்துவர் மயிரின் தோற்றத்தைக் கண்டு எழுப்பிய ஊகம் இவ்வாறு மூலக்கூற்று மட்டத்தில் முழுமை பெற்றது.

இத்தகைய தெளிவான வெற்றிகள் அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கைகளையும் ஊட்டின. செம்பில்லாமையால் எலி நரைக்கும் என்றால், மனிதனின் நரையும் ஏதோ ஒரு சத்துக் குறைவாலேயே வருகிறது என எண்ணப்பட்டது. 1930களின் இறுதியிற் பந்தோதெனிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்துக் குறைந்தாலும் கரிய எலி நரைப்பது தெரிந்தது. 1941இற் பரா அமினோ பென்சோயிக் அமிலமும் நரையெதிர்ப் பொருளெனக் கூறப்பட்டது. மாத்திரைகள் விற்பனைக்கு வந்தன. முதியோரின் தலைமயிர் வெண்மையாகவே இருந்தது. முதுமையில் வரும் நரைக்கு நிறமிக் கலங்கள் அருகிப் போவதே காரணம். கலமே இல்லாதவிடத்து நொதியத்துக்கு உலோகத்தை ஊட்டி ஆவதொன்றுமில்லை.

வெண்புள்ளி நோயிலும் இதே மயக்கம் நெடுங்காலம் நிலவியது. நம்மவர் அதனை வெண்குட்டம் என வழங்கியதால், தொழுநோயோடு யாதொரு தொடர்புமில்லாத ஒரு நிலைக்குத் தொழுநோயின் இழிவு முழுவதும் வந்து சேர்ந்தது. திருமணம் தடைப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்பதைக் கணக்கிட்டவர் இல்லை. செம்புப் பாத்திரத்தில் இரவு முழுவதும் வைத்த நீரை அருந்தினால் நிறம் மீளும் என்ற நம்பிக்கை எம் சமூகத்திலும் உண்டு. தைரோசினேசிற் செம்பு இருப்பது தெரிந்ததும் இந்நம்பிக்கைக்கு விஞ்ஞானத்தின் சாயல் கிடைத்தது. ஆனால் வெண்புள்ளி உடையோரின் குருதியிற் செம்பை அளந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று முரணான விடைகளையே தந்தன. அந்நோயில் உடலின் எதிர்ப்புத் தொகுதியே நிறமிக் கலங்களைத் தாக்கி அழிக்கிறது என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட முடிபு. 1933இற் கோல்ட் கோஸ்ற்றில் சிசிலி வில்லியம்ஸ் விவரித்த குவாசியோர்க்கர் நோயிலும் குழந்தைகளின் மயிர் செம்பட்டையாகி வெளிறுகிறது. அங்கும் செம்பை மட்டும் காரணமாகக் காட்டுவது பொருந்தாது, புரதமும் பிறவும் ஒருங்கே குறைந்த உடல் அது. உண்மையான செம்புக் குறைபாடு மனிதரிடம் அரிது. பால் ஒன்றையே உணவாகக் கொண்டு போசணைக் குறைவிலிருந்து மீண்ட குழந்தைகளில் அதனைக் கோர்டானோவும் சகாக்களும் 1964இற் பேரு நாட்டின் இலீமா நகரிலிருந்து அறிவித்தனர். விஸ்கொன்சின் எலிகள் உண்ட அதே பால்.

மனித இனங்களுக்கிடையே காணப்படும் நிறவேறுபாட்டுக்கும் செம்புக்கும் தொடர்பில்லை என்பதையும் இவ்விடத்துச் சொல்லியாக வேண்டும். கரிய தோலிலும் வெளிறிய தோலிலும் நிறமிக் கலங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அவை ஆக்கும் நிறமிமணிகளின் அளவும் பருமனும் பரவலுமே வேறுபடுகின்றன. அவ்வேறுபாடு பரம்பரை வழியானது.

குறைவைப் பற்றிய இவ்வறிவுக்கு மறுபுறமாக மிகுதியைப் பற்றிய வரலாறும் உண்டு. அது நமக்கு மிக அண்மையில் நிகழ்ந்தது. தமிழிற் செம்பு என்னும் சொல் உலோகத்தையும் குறிக்கும், நீர்ப்பாத்திரத்தையும் குறிக்கும். செம்பும் பித்தளையும் தென்னாசிய வீடுகளிற் பாலும் நீரும் வைக்கும் பாத்திரங்களாக நீண்ட காலம் விளங்கின. அவற்றின் உட்புறத்துக்கு ஈயம் பூசுவோர் தெருத்தெருவாக வருவதுண்டு; அவர்கள் பூசியது வெள்ளீயம். பூச்சுத் தேய்ந்த பாத்திரத்திற் பாலைக் காய்ச்சி வைத்தால் பால் செம்பை ஈர்த்துக்கொள்ளும். இந்தியக் குழந்தைகளுக்கே உரியதெனக் கருதப்பட்ட ஈரற் சுருக்க நோயொன்று பல தலைமுறைகளாகக் கைக்குழந்தைகளைக் கொன்று வந்தது. ஒரே வீட்டிற் பல குழந்தைகள் இறந்தமையால் அதனைப் பரம்பரை நோய் என்றும் பலர் எண்ணினர். இறந்த குழந்தைகளின் ஈரலில் அளவிறந்த செம்பு குவிந்திருந்தது. பூனா நகரிற் பணியாற்றிய ஷீலா பாவே, ஆனந்த் பண்டிட் ஆகியோரும் இங்கிலாந்தின் ஸ்ரூவட் டானரும் சகாக்களும் 1983இற் காரணத்தைச் சுட்டினர். பித்தளைப் பாத்திரத்தில் வைத்த விலங்குப் பாலை மிக இளம் பருவத்திலேயே ஊட்டியமையே அது. எவர்சில்வர் பாத்திரம் பரவியதோடும், பித்தளையிற் பால் வைக்க வேண்டாமென்ற அறிவுரையோடும் அந்நோய் பெரும்பாலும் மறைந்தது. குடும்பத்தில் வழிவழியாக வந்தது பரம்பரையலகு அன்று, பாத்திரம்.

தோலின் கருமைக்குச் செம்பு வேண்டும் என்ற அறிவு வணிகத்தில் எதிர்வழியிலும் பயன்பட்டது. பாதரசவுப்புகள் தைரோசினேசிலுள்ள செம்பின் இடத்தைப் பற்றி அந்நொதியத்தை முடக்குவதாகக் கருதப்படுகிறது. செம்பைப் பற்றி அறிவதற்கு முன்பே பாதரசம் கலந்த களிம்புகள் தோலை வெளிறச் செய்வதை மக்கள் அறிந்திருந்தனர். நிறத்தைக் கொண்டு மனிதரை மதிப்பிடும் நாடுகள் அனைத்திலும் அவை விலைபோயின. பாதரசம் தோலினூடாக உட்சென்று சிறுநீரகத்திலே தங்கும். 1972இற் கென்யாவின் நைரோபியில் இருந்து மருத்துவர்கள் எழுதிய அறிக்கை, சிறுநீரக நோயுற்று வந்தோர் பலர் இத்தகைய களிம்புகளைப் பூசி வந்தமையை எடுத்துக்காட்டியது. மென்கீஸ் நோயின் மருமத்தை டாங்ஸ் வெளியிட்டதும் அதே ஆண்டிலேயே. ஓரிடத்தில் ஒரு மருத்துவர் குழந்தையின் உடலிற் செம்பைச் சேர்க்க வழி தேடிக்கொண்டிருக்க, வேறோரிடத்திற் பெண்கள் தம் தோலின் நொதியத்திலிருந்து அதனை வெளியேற்றுவதற்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தனர். 2013இல் ஏற்கப்பட்ட மினமாற்றா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற் பாதரசம் உள்ள தோற்பூச்சுகளை 2020இன் பின் விலக்கியது. 2023இற் கூடிய நாடுகள் அந்தச் சிறு விலக்களிப்பையும் நீக்கிப் பாதரசம் சேர்த்த பூச்சுகள் யாவற்றையும் 2025ஆம் ஆண்டளவில் நிறுத்த இணங்கின. தென்னாசியச் சந்தைகளில், பொருட்கூறு எதுவும் அச்சிடப்படாத சிறு டப்பிகளில், அவை அதன் பின்னரும் விற்கப்படுகின்றன.